களை திரும்ப முளைக்கிறது, கத்தி துருப்பிடிக்கிறது: பிள்ளைகளுக்கு வேலை பழக்கும்போது எங்கே தவறுகிறது?

கோத்தகிரிப் பக்கம் வீட்டை ஒட்டி நாலு பாத்தியாவது இருக்கும். கேரட், பீட்ரூட், பூண்டு, அவரை, ஓரமாகக் கொஞ்சம் கொத்தமல்லி. விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் களை எடுக்க அனுப்புகிறோம். சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரம் கழுவச் சொல்கிறோம். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் பீட்ரூட் நாற்று வரப்பில் வாடிக் கிடக்கிறது, கத்தி ஈரத்தோடு தொட்டியில் கிடக்கிறது. "இதுக்கு நானே செஞ்சிருக்கலாம்" என்று வாயில் வந்துவிடுகிறது.

அதைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது. பிள்ளையிடம் குறை தேடுவதைவிட, செய்த வேலையைக் கூர்ந்து பாருங்கள். எந்தப் படி விட்டுப்போனது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த ஒரு படியை மட்டும் மறுபடி கூடவே உட்கார்ந்து காட்டினால் போதும். மலை வீடுகளில் அடிக்கடி பார்க்கும் குறைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ, நேராக அதற்குப் போகலாம்.

களையோடு நாற்றும் வந்துவிடுகிறது

கேரட் பாத்தியில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். இந்தக் குளிரில் கேரட் விதை முளைக்க இரண்டு வாரம் ஆகும், சில சமயம் அதற்கும் மேலே போகும். அதற்குள் களை முந்திக்கொள்கிறது. போதாக்குறைக்குக் கேரட்டின் முதல் இரண்டு இலையும் மெல்லிசாக, நீளமாக, அசல் புல்லைப் போலவே இருக்கும். மூன்றாவதாக வரும் இலைதான் கொத்தமல்லித் தழைபோலக் கிழிந்து கிழிந்து வரும். அந்த இலையைப் பார்க்கும்வரை பெரியவர்களுக்கே சந்தேகம் தீராது. பிள்ளை என்ன செய்யும்?

விதைக்கும்போதே இதற்கு வழி பண்ணிவிடலாம். கேரட் விதையோடு ஒரு சாண் இடைவெளியில் ஒன்றிரண்டு முள்ளங்கி விதையைப் போடுங்கள். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைத்து, வரிசை எங்கே ஓடுகிறது என்று காட்டிவிடும். பிறகு பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "இந்த முள்ளங்கிக் கோட்டில் கை வைக்காதே. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பதெல்லாம் உன்னுடையது." கோட்டுக்குள் இருக்கும் களையை மூன்றாவது இலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பீட்ரூட் கதை வேறு. நாம் விதை என்று போடும் அந்தச் சொரசொரப்பான உருண்டையே ஒரு விதைக்கொத்து. ஒன்றைப் போட்டால் இரண்டு மூன்று நாற்று சேர்ந்து வரும், எப்படியும் ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைத்துத்தான் ஆகவேண்டும். தண்டு சிவப்பாக இருப்பதால் அடையாளம் சுலபம் என்று நினைப்போம். ஆனால் தானாக முளைக்கும் கீரை நாற்றிலும் சிவப்பு ஓடும். அதனால் நிறத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு பீட்ரூட் நாற்றையும் ஒரு கீரை நாற்றையும் பிடுங்கி, பிள்ளையின் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வையுங்கள். பீட்ரூட்டின் இலை தடிப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். கீரை இலை மெல்லிசு. விரலால் தடவிப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த முறை தடுமாற்றம் வராது. கலைத்த பீட்ரூட் இலையைக் கழுவிப் பொரியலில் போடலாம். தான் பிடுங்கியது பொரியலுக்கு வந்தது என்றால் பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை.

பிடுங்கிய இடத்திலேயே மறுபடி முளைக்கிறது

களை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாத்தி பழையபடி பச்சையாகிவிட்டது. "ஒழுங்கா எடுக்கலை" என்று திட்டுவதற்கு முன் முளைத்திருப்பது எது என்று குனிந்து பாருங்கள். களைக்குத் தக்கபடி எடுக்கும் விதமும் மாறும்.

மூன்று மூன்றாய் இலை, ஊதா கலந்த ரோஜா நிறப் பூ, வாயில் போட்டால் புளிப்பு. அப்படியென்றால் இது ஆக்ஸாலிஸ். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நீலகிரியின் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறி நிலத்திலும் நன்றாகக் காலூன்றிவிட்ட களை. தரையோடு படரும், மஞ்சள் பூ விடும் நம் புளியாரை இதன் சொந்தக்காரிதான், ஆனால் அதை எடுப்பது எளிது. இதன் பிழைப்பு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தண்டைப் பிடித்து இழுத்தால் 'டக்' என்று அறுந்து கையோடு வந்துவிடும். பிள்ளைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். கீழே கிழங்கு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு செடியைச் சுற்றி முள்கரண்டியையோ சிறு கடப்பாரையையோ ஒரு சாண் ஆழம் இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, பழைய தட்டில் போட்டு உதிர்த்துக் காட்டுங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் நூலாக ஓடி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் மிளகளவு ஒரு குட்டிக் கிழங்கு. "பாட்டி, இதுக்கு எத்தனை குட்டி!" என்று எங்கள் வீட்டுச் சின்னது வாய்பிளந்தது. அதற்கப்புறம் அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டில் மண்ணை உதிர்த்துக் குட்டிகளைப் பொறுக்குவதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள்.

ஆக்ஸாலிஸ் இருக்கும் பாத்தியை மண்வெட்டியால் கொத்திவிடாதீர்கள். கொத்தினால் குட்டிக் கிழங்குகள் உதிர்ந்து பாத்தி முழுக்கப் பரவும். குட்டி கட்டுவதற்கு முன், இலை இளசாக இருக்கும்போதே கிளறி எடுப்பதுதான் நல்லது. அப்படி எடுக்க முடியாத இடத்தில் இலையைத் திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இலை இல்லாமல் கிழங்குக்குச் சோறு இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துவிடும். இது ஒரு பருவத்தில் தீரும் வேலை அல்ல. அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தன் வேலை வீண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பொறுக்கிய கிழங்கை உரக்குழியில் போடவே கூடாது. கீழ்நாட்டில் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வேகவைப்பார்கள். இங்கே பனிமூட்டத்தில் அது நடக்காது. மூடி போட்ட வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, சில வாரம் ஊறி முழுசாக அழுகும்வரை விடுங்கள். வாடை வரும். வீட்டுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் திறந்த வாளி கூடாது.

முளைத்திருப்பது புல் என்றால், அதுவும் கயிறு மாதிரித் தடித்த கொடியோடு ஓடுகிறது என்றால், அது கிக்கியூ புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்கும் புல்தரைக்கும் வந்தது. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் திரும்ப வரும். பிள்ளை இதை அரிவாளால் அறுத்திருந்தால் பயனில்லை. கொடியின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்ணைத் தளர்த்தித் தளர்த்தி, அறுக்காமல் எவ்வளவு நீளம் எடுக்கிறாய் பார்க்கலாம் என்று போட்டி வைத்தால் சரியாக எடுத்துவிடுவார்கள். மழைக்கு மறுநாள் இந்த வேலைக்கு ஏற்ற நாள்.

மூன்றாவது வகை, நடுவில் மஞ்சளும் சுற்றி நாலைந்து சிறு வெள்ளை இதழுமாகப் பூக்கும் இளசான களைகள். வேர் ஆழம் கிடையாது, தொட்டாலே வந்துவிடும். இங்கே பிள்ளை செய்யும் தவறு, பிடுங்கி வரப்பிலேயே போட்டுவிடுவது. இந்த ஈரத்தில் பூத்த களை காய்வதற்குள் விதையை முற்றவைத்து உதிர்த்துவிடும். பூ இருந்தால் கூடைக்கு, பூ இல்லாவிட்டால் பாத்தியிலேயே மண்ணை மூடும் மூடாக்காக. இந்த ஒரு விதி போதும். காலுறையில் கறுப்பு ஊசியாக ஒட்டிக்கொண்டு வரும் விதைச்செடிக்கும் இதே விதிதான். வாசலில் உட்கார்ந்து ஒட்டிய ஊசிகளை எடுத்து அடுப்பில் போடுவது வரை களையெடுப்பில் சேர்த்தி.

உப்புத் தண்ணீர் ஊற்றலாமா, களைக்கொல்லி தெளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உப்பு மண்ணைக் கெடுக்கும், சரிவில் மழையோடு இறங்கிக் கீழ்ப்பாத்தியையும் கெடுக்கும். களைக்கொல்லியைப் பிள்ளைகள் புழங்கும் தோட்டத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சரிவான நிலத்தை முழுக்க மொட்டையாக்குவதும் வேண்டாம். வரப்பில் கொஞ்சம் புல் இருக்கட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது மொட்டை மண்தான் முதலில் போகும்.

கை அரிக்கிறது, கண் எரிகிறது

வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வேலி ஓரத்தில் காஞ்சொறி பட்டிருக்கலாம். அதன் மயிர் ஊசிபோலக் குத்தி உள்ளே கடுப்பை இறக்கிவிடும். தேய்த்தால் இன்னும் ஆழமாகப் போகும். ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தால் மயிர் கூடவே வரும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவலாம். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்த்தீனியம் பிள்ளைகளின் வேலையே அல்ல. கையுறை போட்டுப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். மணிமணியாக வெள்ளையாக அல்லது மஞ்சளாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூச்செடி இங்கே பல வேலிகளில் அழகுக்கு நிற்கிறது. அதன் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தாலே கண்பாப்பா விரிந்து பார்வை மங்கும். களையெடுக்க அனுப்பும் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய் இந்த மூன்றையும் காட்டிவிடுங்கள். மணத்தக்காளிப் பழமாக இருந்தாலும் பெரியவரிடம் காட்டாமல் வாயில் போடக்கூடாது. சாயங்காலம் மங்கியபின் தோட்டத்தில் வேலை கிடையாது. காட்டெருமையும் கரடியும் வரும் நேரம் அது.

பத்து நிமிடத்தில் ஓடிவிடுகிறார்கள்

தோட்டத்தைக் காட்டி "களை எடு" என்றால் நானும் ஓடிவிடுவேன். ஒரு சாக்கை விரித்து, அதன் நாலு மூலையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, சாக்கை எடுத்துவிடுங்கள். அந்தக் கயிற்றுக்குள் இருப்பதுதான் இன்றைய வேலை. பெரியவர்களின் களைக்கொத்து சின்னக் கைக்குக் கனம், பிடி நீளம். பழைய எவர்சில்வர் கரண்டியோ முள்கரண்டியோ கொடுத்தால் வேலை நன்றாகவே ஓடும்.

சமையலறைக் கத்தி தோட்டத்தில் கிடக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. தோட்டத்துக்கென்று தனியாக ஒன்றும் கொடுக்காவிட்டால் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போவார்கள். வெங்காயம் நறுக்கும் கத்தி கல்லில் பட்டு முனை மடங்கும். கழுவாமல் திரும்பி வந்தால் மண்ணில் இருப்பதெல்லாம் சாப்பாட்டுக்கு வரும். தோட்டத்துக்கு ஒதுக்கிய கரண்டியின் பிடியில் சிவப்புப் பெயின்ட் பூசுங்கள். சிவப்புப் பிடி வாசற்படி தாண்டி உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போகாது. தோட்டக் கருவியைக் கழுவ வெளிக் குழாயில் ஒரு வாளி, ஒரு தனிப் பிரஷ். அந்தத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றாமல் கல் பாவிய இடத்தில் ஊற்றச் சொல்லுங்கள். கருவியில் ஒட்டிய மண்ணிலும் ஆக்ஸாலிஸ் குட்டி இருக்கும்.

கழுவிய பிறகும் பிசுபிசுப்பு, அல்லது வெள்ளைப் படலம்

இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகவே "சரியா போகலை" என்பார்கள். காரணம் நேர் எதிர்.

விரலை வைத்தால் வழுக்கினால் அது கொழுப்பு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலத்தில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் நெய்யும் தேங்காய் எண்ணெயும் உறைந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகருமே தவிரப் போகாது. முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ எண்ணெயைத் துடைத்துவிட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருகிறதா? அது மாவு. ராகிக் களி கிண்டிய பாத்திரம், தோசை மாவுக் குண்டான், சப்பாத்தி பிசைந்த தட்டு. இங்கே பிள்ளை குளிருக்குப் பயந்து எடுத்ததுமே வெந்நீர் ஊற்றியிருக்கும். சூட்டில் மாவு வெந்து பசையாகிவிடுகிறது. முட்டை அடித்த கிண்ணமும் பால் பாத்திரமும் இதே வகை, சூடு பட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இவற்றைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்து வந்து தேய்த்தால் தானே கழன்று வரும். அதற்கப்புறம் வெந்நீர் ஊற்றினால் குற்றமில்லை.

சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மாவு ஒட்டிய இரண்டு கரண்டியில் ஒன்றை வெந்நீரிலும் ஒன்றைப் பச்சைத்தண்ணீரிலும் கால்மணி போட்டுவைத்து, பிள்ளையையே தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களே வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

துருவியைப் பஞ்சால் தேய்த்தால் பஞ்சுதான் கிழியும். கேரட் துருவியோ தேங்காய்த் துருவியோ, பிரஷை முதுகுப் பக்கத்திலிருந்து, பல் நீட்டிக்கொண்டிருக்கும் திசையிலேயே ஓட்ட வேண்டும். எதிர்த்து ஓட்டினால் விரலும் அறுபடும்.

துரு

மலையில் பாத்திரம் தானாகக் காயாது. ஜூன், ஜூலையில் மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும்போது, கவிழ்த்து வைத்ததெல்லாம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அதனால் "கழுவு" என்பது இங்கே பாதி வேலைதான். "கழுவித் துடை" என்று சேர்த்தே சொல்லிப் பழக்குங்கள்.

இரும்புத் தோசைக்கல், அரிவாள்மனை, இரும்புக் கத்தி இவற்றில் துரு படர்ந்திருந்தால் கல்லுப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்க்கலாம். பிடிவாதமான துருவுக்குக் கொஞ்சம் புளி. புளியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அதுவே இரும்பை அரிக்கும், தேய்த்த கையோடு கழுவித் துடைக்க வேண்டும். பிறகு தோசைக்கல்லை மட்டும் அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி ஈரத்தை ஓட்டி, ஆறியதும் எண்ணெய் தடவுவது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே அது திட்டுத்திட்டாக நிற்கும், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள். தடவியது தெரியாத அளவு போதும். அதிகமானால் தூசி பிடித்துப் பிசுக்காகும்.

எவர்சில்வர் தட்டில் பழுப்புப் புள்ளி வந்தால் துருப்பிடிப்பது தட்டு அல்ல, பெரும்பாலும் கம்பி நாரின் உடைந்த துணுக்குதான். நாரை மாற்றுங்கள்.

கத்தி கழுவுவதற்கு ஒரு முறை உண்டு, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்தியைப் போடவே கூடாது, நுரைக்குள் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. கத்தியைத் தனியாக எடுத்து, மழுங்கிய முதுகு உள்ளங்கைப் பக்கம் இருக்க, முதுகிலிருந்து கூருக்குப் போகும்படி துடைப்பது. எட்டு வயதுக்குக் கீழே கத்தியும் வேண்டாம், மிக்சி பிளேடும் வேண்டாம் என்பேன். அவர்களுக்குக் கரண்டிகளும் இட்லித் தட்டும் இருக்கின்றன.

பலகையில் நாற்றம், டீ வடிகட்டியில் தண்ணீர் நிற்கிறது

காய் நறுக்கும் மரப்பலகையை ஊறவைத்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் பூண்டு வாடையும் கறுப்புப் புள்ளியும் வரும். உப்பும் எலுமிச்சைத் தோலும் வைத்துத் தேய்த்து, அலசி, செங்குத்தாக நிறுத்திவையுங்கள். படுக்கவைத்தால் அடிப்பக்கம் காயாது.

வடிகட்டியில் டீ இறங்க நேரமானால் வலைக்குள் துவரும் தூளும் சேர்ந்து அடைத்திருக்கிறது. வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து ஊறவைத்து, பின்பக்கமாகப் பழைய பல் பிரஷால் தட்டினால் திறந்துகொள்ளும். அலுமினிய வடிகட்டிக்குச் சோடா கூடாது, கறுத்துவிடும்.

குக்கர் விசில் வருவதில்லை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பும் அவரையும் திறந்த பாத்திரத்தில் வேக நெடுநேரம் ஆவதற்கு அதுதான் காரணம். ஆகவே மலையில் குக்கர் இல்லாமல் ஒருநாள் ஓடாது. பருப்பு நுரை ஏறி மூடியில் இருக்கும் ஆவிக்குழாயில் காய்ந்துவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் போகும்.

மூடியைக் கழுவும் பிள்ளைக்கு இந்த ஒன்றைத் தவறாமல் பழக்குங்கள். வெயிட்டைக் கழற்றி, மூடியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குழாய் வழியாக ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சுத்தம். பிறை மாதிரி தெரிந்தாலோ இருட்டாக இருந்தாலோ மெல்லிய குச்சியை விட்டு எடுத்து, தண்ணீரை ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். காஸ்கெட்டைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தையும் விரலால் துடைக்க வேண்டும். வெயிட்டின் உள்துளையைப் பலரும் மறந்துவிடுகிறோம், அதையும் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

அடுப்பில் வைத்தபின் வெகுநேரம் விசிலே வரவில்லை என்றால் பிள்ளை வெயிட்டைத் தொடக்கூடாது, மூடியைத் திருகக்கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். ஓரத்தில் ஆவி சீறினால் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது. சீறலும் இல்லை, விசிலும் இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கலாம். குக்கர் முழுசாக ஆறும்வரை யாரும் அதன் பக்கம் போகாமல், ஆறியபின் பெரியவர்தான் திறக்க வேண்டும்.